ரயிலடியில் காத்திருந்தவர்



கடந்த இரண்டு வாரங்களாக இந்தச் சிந்தனை உங்களை வந்தடையவில்லை. மீண்டும் உடல்நலம் குன்றிவிட்டதோ என்று சிலர் தொலைபேசியில் அன்போடு விசாரித்தீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. நான் ஊருக்குப் போயிருந்தேன். 20 மாதங்களுக்குப் பிறகு ரயிலேறினேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுவதற்கு முன், அதற்குக் காரணமாயிருந்த சில பழைய திரைப்படங்களைப் பற்றியும் ஒரு விசித்திரமான சொப்பனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடந்த மே மாதத்தில் நான் நோயுற்று மருத்துவமனையில் கிடந்ததும், உங்கள் ஜெபங்களால் குருமனைக்குத் திரும்பியதும் நீங்கள் அறிந்தவை. திரும்பிய பின்னர் இரண்டு மாதங்கள் என்னால் படிக்க இயலவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் எழுத்துகள் கண்முன் நீந்தின. பத்து வசனங்களுக்குள் களைப்பு வந்துவிடும். என் நிலையைக் கண்ட மகள், மடிக்கணினியைக் கட்டிலருகே வைத்து, "அப்பா, பழைய படம் ஏதாவது பாருங்கள்" என்றாள். சபையின் மூத்தவர்கள் சிலர் இதை வாசித்து முகம் சுளிக்கக்கூடும். ஓர் உபதேசியாரின் மகனாக வளர்ந்த எனக்கே முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்க்க முடிந்தது.

பாட்டே இல்லாமல் 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' பார்த்தேன். ஏறக்குறைய முழுக் கதையும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்தேன். மருத்துவமனையிலிருந்து வந்தவனுக்கு மருத்துவமனைப் படமா என்று என் மனைவி கடிந்துகொண்டாள். 'பாசமலர்' பார்த்தபோது, கண்ணிழந்த அண்ணன் தங்கையைத் தேடி வரும் காட்சிக்கு முன்பே நிறுத்திவிட்டேன். அழுதால் இருமல் வரும். இருமினால் வீடு முழுவதும் பதறும்.

நான்கு சுவர்களுக்குள் கிடந்து பார்த்ததனாலோ என்னவோ, ஒன்று என் கண்ணில் பட்டது. பழைய படங்களில் யாராவது ஒருவர் எங்காவது போய்க்கொண்டே இருக்கிறார். கடிதம் வருகிறது, தந்தி வருகிறது, உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். போகலாமா வேண்டாமா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ஒரு சாவுச் செய்தி கேட்டுப் புறப்படாத மனிதரை அந்தப் படங்களில் காண்பது அரிது. இதை நான் அன்று கவனித்தேனே தவிர, ஏன் கவனித்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் 'பாவமன்னிப்பு' பார்த்தேன்.

பீம்சிங் இயக்கிய அந்தப் படம் வெளியான 1961இல் நான் கைக்குழந்தை. நான் அதை முதன்முறை பார்த்தது 1969ஆம் ஆண்டு வாக்கில், நாசரேத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வெளியே, கூரை வேய்ந்த ஒரு டூரிங் டாக்கீஸில். பட்டணத்தில் ஓடி முடிந்த படங்கள் பல ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே வரும். ஒரே புரொஜெக்டர், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும், முறுக்கும் சோடாவும் வரும். தரை டிக்கெட் வாங்கினால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காரலாம். முன்னால் இருப்பவர் தம் மேட்டை உயர்த்தினால் பின்னால் இருப்பவரும் உயர்த்த வேண்டும். அதில் சண்டை வரும்.

எங்கள் வீட்டில் சினிமா பாவம். அப்பா அதில் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு முறைதான். 'பென்ஹர்' படத்தில் கிறிஸ்துவின் முகம் ஓரிடத்திலும் காட்டப்படவில்லை என்று அவர் மதித்த ஒருவர் உறுதி கூறிய பின், பல நாள்கள் யோசித்து எங்களைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றார். தமிழ்ப் படம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என்னைவிட எட்டு வயது மூத்தவளான என் அக்கா, தாவணியில் முடிந்து வைத்திருந்த காசில் என்னை 'பாவமன்னிப்பு' படத்துக்கு அழைத்துப் போனாள். அந்தப் படத்தை அவள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. "அப்பா கேட்டால் பாவமன்னிப்புக்குப் போனோம் என்று சொல்லிவிடலாம், பொய்யும் ஆகாது" என்று வழியில் சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்து வயதுச் சிறுவனுக்கு அது வேடிக்கைப் பேச்சு என்று விளங்கவில்லை.

மறுநாள் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரிக்கும்போது அப்பா, "நேற்று மாலை எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "பாவமன்னிப்புக்குப் போனோம் அப்பா" என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. அடுத்த ஊரில் ஏதோ கன்வென்ஷன் கூட்டம் என்று நினைத்துவிட்டார்.

"பிரசங்கியார் யார்?"

"சிவாஜி கணேசன்."

இந்தக் கதையை உங்களில் பலர் என் வாயால் கேட்டிருக்கிறீர்கள். இளைஞர் கூடுகைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதன் பின்பகுதியை ஒருபோதும் சொன்னதில்லை. அப்பா அன்று அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஜெபத்தை வழக்கம்போல் முடித்தார். ஆனால் அந்த ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேரவேண்டிய அக்காவை அனுப்பவில்லை. "இந்த வருஷம் வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்தார். மறு வருஷம் வரன் வந்தது. அக்கா ஆசிரியை ஆகவில்லை.

மடிக்கணினியில் அந்தப் படத்தின் தலைப்பு எழுத்துகள் ஓடியபோது இவையெல்லாம் மேலே வந்தன. அன்றிரவுதான் அந்தச் சொப்பனம் முதன்முதலாக வந்தது.

ஒரு ரயில் நிலையம். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், ஆலயத்தில் பாட்டு எண்களைச் செருகி வைப்போமே, அதுபோல எண்கள் மட்டும் இருக்கின்றன. நான் ஆராதனை அங்கியோடு நிற்கிறேன். நடைமேடை முழுவதும் டூரிங் டாக்கீஸ் மணல். அக்கா டிக்கெட் சாளரத்துக்குப் பக்கத்தில், தாவணி உடுத்த பெண்ணாக, எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள். நான் அழைக்கிறேன், குரல் எழவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில், மடியில் டிபன் கேரியரோடு, முகக்கவசம் அணிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்னிடம் மணி கேட்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்க்கக் குனியும்போது விழித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டு மாதத்துக்குள் மூன்று முறை இதே சொப்பனம் வந்தது.

சொப்பனங்களைப் பெரிதுபடுத்துகிறவன் அல்ல நான். "ஐயா, ஒரு சொப்பனம் கண்டேன், அர்த்தம் சொல்லுங்கள்" என்று நீங்கள் வரும்போதெல்லாம், கவலைகள் பெருகும்போது சொப்பனங்களும் பெருகும் என்று பிரசங்கியின் புத்தகத்தைக் காட்டி அனுப்பியிருக்கிறேன். காய்ச்சலுக்குப் பின் வரும் சொப்பனங்களுக்கு மருந்துகளும் காரணமாகலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனாலும் கடிகாரம் வந்ததனால் இன்னொரு பழைய படம் ஞாபகத்துக்கு வந்தது.

பெங்களூரில் இறையியல் படித்த நாள்களில், ஒரு பேராசிரியர் எங்களுக்கு ஒரு ஸ்வீடிஷ் படத்தைத் திரையிட்டார். இங்மர் பெர்க்மன் 1957இல் எடுத்த 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்'. பெர்க்மன் ஒரு லுத்தரன் குருவானவரின் மகன் என்பதைச் சொல்லித்தான் எங்களை உட்கார வைத்தார். நான் பாதியில் தூங்கிவிட்டேன். இப்போது மகளிடம் சொல்லித் தேடி எடுக்கச் செய்து, ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன்.

ஈசாக் போர்க் என்ற 78 வயது மருத்துவர். ஊரெல்லாம் மதிக்கும் மனிதர். பல்கலைக்கழகம் ஒன்று அவருக்குச் சிறப்புப் பட்டம் அளிக்க அழைத்திருக்கிறது. அதற்கு முந்தைய இரவு சொப்பனம் காண்கிறார்: ஆளற்ற தெரு, முட்கள் இல்லாத கடிகாரம், கவிழும் சவவண்டி, அதிலிருந்து விழும் பெட்டிக்குள் அவருடைய முகமே இருக்கிறது. விடிவதற்குள் எழுந்து, விமானத்தில் போகவேண்டியவர் காரில் போகிறேன் என்கிறார். ஸ்டாக்ஹோமிலிருந்து லுந்து வரை அந்த ஒரு நாள் பயணம்தான் படம். அவருடைய மருமகள் கூட வருகிறாள். பிறர் உயர்வாகப் பேசினாலும் நீங்கள் தன்னலம் மிக்க கிழவர்தான் என்று காரிலேயே அவரிடம் சொல்லிவிடுகிறாள். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொள்கிறார். நடித்தவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். பேசாப் படக் காலத்தில் தாமே பெரிய இயக்குநராக இருந்தவர். அந்த முகத்தில் வயது நடிப்பாகத் தெரியவில்லை.

படம் முடிந்ததும் மகள், "ஏன் அப்பா ஒரு மாதிரி இருக்கிறீர்கள்?" என்றாள். அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். 1969ஆம் ஆண்டு மாலைக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். சொப்பனத்துக்கு அர்த்தம் அதுதான் என்று உறுதியாக நம்பினேன்.

மகள், தூத்துக்குடிக்கு விமானத்தில் போகலாம், நோய்த்தொற்று அபாயம் குறைவு என்றாள். நான் ரயிலில்தான் போவேன் என்றேன். போர்க் விமானத்தை விட்டுக் காரில் போனதை அவளும் பார்த்திருந்தபடியால் வாதாடவில்லை.

எழும்பூரில் நெல்லை விரைவு ரயிலில் ஏறியபோது கால்கள் நடுங்கின என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த 2021இல் ரயில்கள் எல்லாம் இன்னமும் சிறப்பு ரயில்களாகவே ஓடின. எண்ணின் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் போர்வையும் தலையணையும் அப்போது தரவில்லை. மனைவி கம்பளியும் சானிடைசர் குப்பியும் ஒரு பையில் வைத்து அனுப்பியிருந்தாள். எதிர்ப்படுக்கைக்காரர் இருமியபோதெல்லாம் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரும் நான் இருமியபோது அப்படியே செய்தார். விழுப்புரம் தாண்டி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

உறக்கம் வரவில்லை. யோசேப்பின் சரித்திரத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொப்பனங்களைப் பற்றிப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நான் போய் நிற்கும் இடம் அது. யோசேப்பைப் பற்றியும் பார்வோனைப் பற்றியும் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பானபாத்திரக்காரரின் தலைவனைப் பற்றி ஒருமுறையும் நின்று பேசியதில்லை. சிறையில் தனக்கு ஆறுதலாயிருந்தவனை அவன் இரண்டு முழு வருஷங்கள் மறந்துபோகிறான். மறந்தான் என்று வேதம் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறது. அரமனையில் அவனுக்கு வேலை இருந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்திருப்பான். நாள் போகப்போகச் சொல்வதற்கு வெட்கமும் கூடியிருக்கும். வேறொருவருடைய சொப்பனம் வந்துதான் அவன் தன் குற்றத்தை வாய்விட்டுச் சொல்கிறான். மதுரை தாண்டும் வரை அவன் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அவன் ஏன் என்னைத் தொடர்கிறான் என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

கோவில்பட்டி இருட்டில் போயிற்று. மணியாச்சியைத் தாண்டும்போது வெளுத்தது. கரிசல் நிலம், உடைமரங்கள், காற்றாலைகள். கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியே நிலம் நகர்வதைப் பார்த்து எத்தனை நாள்களாயிற்று! திரையில் பார்த்த ரயில்களைவிட இது மெதுவாகத்தான் போனது. போதும் என்றிருந்தது.

திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். வழக்கமாக இறங்கியவுடன் நான் இடப்பக்கம் திரும்புவேன். அன்றும் திரும்பினேன். அங்கே ஒரு பெஞ்சு இருக்கும். அதில் அத்தான் இருப்பார்.

அக்காவின் கணவரைச் சொல்கிறேன். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்து 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நான் எந்த ரயிலில் வந்தாலும், அது எத்தனை மணி நேரம் தாமதமானாலும், பெஞ்சில் காத்திருப்பார். முதலில் சைக்கிளிலும் பின்னர் டி.வி.எஸ். 50இலும் வந்து என்னை அழைத்துப் போவார். எங்கள் பக்கத்தில் குருவானவரை 'ஐயர்' என்பது வழக்கம். நான் குருப்பட்டம் பெற்ற நாள் முதல் தம்பி என்று அழைப்பதை விட்டுவிட்டு, "ஐயர் வாங்க, வண்டி அரை மணி லேட்டு" என்று கடிகாரத்தைக் காட்டுவார். கடந்த 2020 ஜூலையில் அவர் மரித்தார். அடக்கத்துக்கு நான் போகவில்லை.

பெஞ்சில் யாரோ ஒரு குடும்பம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தது. நான் அங்கே நிற்காமல் வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

பாளையங்கோட்டையில் அக்கா வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். நான் வாங்கிப் போனவற்றையெல்லாம் வாங்கி அலமாரிக்குள் வைத்தாள். அங்கே, கடந்த கிறிஸ்துமஸுக்கு நான் கூரியரில் அனுப்பிய சேலை, ஒட்டிய தாள் பிரிக்கப்படாமலே இருந்தது. ஏசாவின் முகத்தைப் பார்க்கப் பயந்த யாக்கோபு ஆடுமாடுகளை முன்னே அனுப்பியது நினைவுக்கு வந்தது. அந்த 20 மாதங்களில் நானும் எத்தனையோ முன்னே அனுப்பியிருந்தேன்: பணம், மருந்து, சேலை, ஒலிப்பதிவு செய்த ஜெபங்கள்.

பகலில் ஒன்றும் பேசவில்லை. சொதி வைத்திருந்தாள், சாப்பிட்டேன், தூங்கினேன். மாலையில் பின்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, ரயிலில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களைச் சொன்னேன். அந்த மாலை, பாவமன்னிப்பு, நான் உளறியது, அவளுடைய படிப்பு. சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. சொப்பனத்தையும் சொன்னேன்.

அக்கா சற்று நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஏ தம்பி, அதையா இத்தனை வருஷமா தூக்கிக்கிட்டு அலைஞ்ச? அப்பாகிட்ட அப்போ பணம் எங்கே இருந்துச்சு? விடுதிக்குக் கட்ட முடியலைன்னு சொல்ல அவங்களுக்கு வெட்கம். சினிமாவைச் சாக்கா வச்சுக்கிட்டாங்க. எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. 50 ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாது.

"அது உன்னோட பாவம் இல்ல. விடு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தச் சொப்பனத்துல பெஞ்சுல இருந்தாரே, அது யாரு?"

நான் பேசவில்லை.

"மடியில டிபன் கேரியர் வச்சுக்கிட்டு உன்கிட்ட மணி கேட்க, வேற யாரு இருக்கா?"

பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். கைபேசியில் அரைகுறையாகக் கேட்டதுதான். நேரில் முழுவதையும் கேட்டேன். அத்தானுக்குப் பக்கவாதம். ஒன்பது நாள் படுக்கை. பேச்சு குழறினாலும் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்பாராம்: "ஐயர் எந்த வண்டியில வாரார்?" ரயில்களே ஓடாத நாள்கள். அவருக்கா தெரியாது? ஆனாலும் கேட்டார். இறந்த அன்று 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது உத்தரவு. 11 பேர் வந்தார்கள். ஒரு இளம் உபதேசியார் அவசர அவசரமாக அடக்க ஆராதனையை நடத்தினார். என்னுடைய ஜெபத்தைக் கைபேசியில் ஒலிக்கச் செய்தார்கள். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டது.

"வண்டி ஓடாதப்போ நீ வரலைன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல," என்றாள் அக்கா. "வண்டி ஓடினப்புறம்?"

பிரியமானவர்களே, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மாநிலத்துக்குள் ரயில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. இ-பாஸும் நீங்கிவிட்டது. அக்காவிடம் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அவள், "உடம்பைப் பார்த்துக்கோ, அவசரப்பட்டு வரவேண்டாம்" என்பாள். அதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அக்டோபரில் அறுப்பின் பண்டிகை, பிறகு ஆலய வர்ணவேலை, பிறகு கிறிஸ்துமஸ், பிறகு லெந்து நாள்கள். டிசம்பரில் வேலூர் வரை காரில் ஒரு திருமணத்துக்குப் போய் ஆசீர்வதித்து வந்தேன். அந்தப் புகைப்படம் வாட்ஸ்அப்பில் அக்காவுக்கும் வந்திருக்கிறது. அவள் அதைச் சொன்னபோது நான் தலைகுனிந்தேன்.

அதே நாள்களில் உங்களில் பலருடைய வீடுகளில் மரணம் நேர்ந்தது. துக்கத்தில் இருப்பவர்களைத் தனியே விடக்கூடாது என்று இதே பக்கத்தில் நான் எழுதினேன். நீங்கள் நன்றி சொல்லிப் பதில் எழுதினீர்கள்.

நோய்ப் பயம் இருந்தது உண்மை. ஆனால் அது மட்டும் அல்ல. அவளுடைய முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. முதல் மாதம் போகாததனால் இரண்டாம் மாதம் போக வெட்கம். இரண்டாம் மாதம் போகாததனால் மூன்றாம் மாதம் இன்னும் வெட்கம். அப்படியிருக்க, பத்து வயதில் செய்த ஒரு பிழையை எடுத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி, அதற்காகக் கண்ணீர் விடுவது எனக்கு எளிதாக இருந்தது. அந்தப் பிழையைக் கேட்பவர் சிரிப்பார்கள். சிறுவனை யாரும் குற்றப்படுத்த மாட்டார்கள். சொப்பனம் மூன்று முறை அத்தானை என் முன்னால் உட்கார வைத்தது. நான் மூன்று முறையும் அக்காவின் தாவணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவிடம் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "பயந்துட்டேன், அக்கா" என்றேன். அவள் "தெரியும்" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கல் இன்னும் வைக்கவில்லை. மரச் சிலுவையில் பக்கத்து வீட்டுப் பையன் வர்ணத்தால் எழுதிய பெயர் வெயிலில் பாதி உதிர்ந்திருந்தது. நான் ஜெபப் புத்தகம் கொண்டு போயிருந்தேன். திறக்கத் தோன்றவில்லை. அக்கா குனிந்து புல் பிடுங்கத் தொடங்கினாள்; நானும் பிடுங்கினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. என் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "போதும், உட்காரு" என்றாள். கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டேன். பெயர், தேதிகள், கீழே 'தென்னக ரயில்வே' என்று போட்டால் போதும், வசனம் நீ ஏதாவது பார்த்துச் சொல்லு என்றாள்.

மூன்று நாள் தங்குவதாகப் போனவன் பத்து நாள் தங்கினேன். ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு வேலை சொன்னாள்: ஓய்வூதிய அலுவலகம், வங்கி, கசியும் குழாய். டி.வி.எஸ். 50 ஒரு வருஷமாக ஓடாமல் நின்றது. மெக்கானிக்கைக் கூட்டி வந்து சரிசெய்தேன். ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஓட்டினான். அந்தச் சேலையை அவள் இன்னும் பிரிக்கவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசி இரவு கைபேசியில் 'பாவமன்னிப்பு' போட்டேன். தேவிகாவை வளர்க்கும் கிறிஸ்தவராக எஸ்.வி. சுப்பையா வந்ததும், "நம்ம அப்பாவைவிட நல்லவர்" என்றாள். பாட்டுகளின்போது விழித்திருந்தாள். நடுநடுவே கண்ணயர்ந்தாள். "எம்.ஆர். ராதா வந்தால் மட்டும் எழுப்பு" என்று சொல்லியிருந்தாள், எழுப்பினேன்.

ரயிலடிக்கு வழியனுப்ப வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. டிபன் கேரியரில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கொடுத்து, "கேரியரைத் திருப்பிக் கொண்டு வந்து கொடு. அவரோடது" என்றாள்.

கல்லறைக் கல் அடுத்த மாதம் தயாராகிவிடும் என்று கல்தச்சர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏற்றாற்போல் பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு ஆராதனையை உதவிக் குருவானவர் நடத்துவார். திருவிருந்துக்கான ஆயத்தங்களை ஆலயப் பணியாளர்கள் முன்னதாகவே அவரிடம் கேட்டுச் செய்துகொள்ளும்படி வேண்டுகிறேன்.